வாகை சூடிய கழகம் கடைசியில் நின்ற ஆண்டு

2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் பெங்களூர்க் கண்டீரவா அரங்கில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் நடைபெற்றது. பெங்களூர் அணியின் தலைவர் சுனில் சேத்ரி 9-ஆம் நிமிடத்திலேயே தலையால் முட்டி முதற் கோலை அடித்தார். சொந்த ஊர் அரங்கு ஆர்ப்பரித்தது. ஆயினும் சென்னை அணியின் பிரேசில் நாட்டுத் தற்காப்பாளர் மெயில்சன் ஆல்வெஸ், மூலையிலிருந்து வந்த பந்துகளைத் தலையால் முட்டி இரண்டு கோல்கள் அடித்தார். ரஃபேல் அகுஸ்டோ மூன்றாவதை அடித்தார். 3-2 எனும் கணக்கில் சென்னையின் எஃப்.சி. எனும் கழகம் இரண்டாம் முறையாக வாகை சூடிற்று.

அடுத்த ஆண்டு மார்ச்சில் லீக் ஆட்டங்கள் முடிந்தபோது அதே கழகம் 10 கழகங்களுள் 10-ஆம் இடத்தில் நின்றது. ஆடியவை 18 ஆட்டங்கள். வெற்றி 2, சமன் 3, தோல்வி 13. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி என்பது விதி; ஆகவே கிடைத்தவை 9 புள்ளிகள். முழுவதும் வென்றிருந்தால் 54 வந்திருக்கும். அடித்த கோல்கள் 16, வாங்கியவை 32. பயிற்றாசிரியர் மாறவில்லை, ஆங்கிலேயரான ஜான் கிரிகரியே இரண்டு ஆண்டுகளிலும் பொறுப்பில் இருந்தார். ஆட்டக்காரர்களிலும் பலர் பழையவரே. அவ்வாறிருக்க இவ்வளவு பெரிய வீழ்ச்சி எங்ஙனம் நேர்ந்தது? அதனை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஆராய்ச்சி என்றவுடன் நடுநிலையை எதிர்பார்ப்பீர்கள். நான் அவ்வணியின் இரசிகன். பணி ஓய்வுக்குப் பின் என் மாலைப் பொழுதுகள் பலவற்றைப் பெரியமேட்டிலுள்ள நேரு விளையாட்டரங்கில் கழித்தவன். எனவே என் சொற்களில் சிறிது ஆற்றாமை கலந்திருந்தால் பொறுத்தருள்க. கணக்குகளை மட்டும் கூடியவரை நேர்மையாகவே வைக்கிறேன்.

கழகத்தின் பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். ‘சென்னையின்’ எனும் சொல் தனித்து நின்று பொருள் முடிவதன்று. ‘இன்’ வந்துவிட்டால் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தே தீரவேண்டும். யாருடையது என்பதைச் சொல்லிவிட்டு, எது என்பதை எதிர்நோக்கி நிற்கும் சொல் அது. தமிழாசிரியராக இருந்த என் நண்பர் ஒருவர் இப்பெயரைக் கேட்டவுடன் முகம் சுளித்தார். எனக்கோ அது பிடித்திருந்தது. கழகத்தைவிடத் தன் ஊரை முன்னே நிறுத்தும் பெயர் அது. 2014-இல் அவ்வணி தோன்றியபோது, ஆட்டக்காரர்களோ மிசோரம், மணிப்பூர், பிரேசில், இத்தாலி என நானிலத்திலிருந்தும் வந்தவர்கள். அவர்களைச் சென்னையுடன் பிணைத்தது அந்த ‘இன்’ ஒன்றுதான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

இனிக் காரணங்களுக்கு வருவோம். பலரும் வாகை சூடிய ஆண்டை உயர்ந்த மலையாகவும் அடுத்த ஆண்டைப் பள்ளத்தாக்காகவும் எண்ணிக்கொண்டனர். அம்மலை உண்மையில் எவ்வளவு உயரம் என்பதை யாரும் அளந்து பார்க்கவில்லை. 2017-18 ஆட்டப் பருவத்தில் சென்னை அணி லீக் பட்டியலில் இரண்டாவதாகவே வந்தது. 9 வெற்றி, 5 சமன், 4 தோல்வி, 32 புள்ளிகள். முதலிடம் பெற்ற பெங்களூருக்கு 40. சென்னை அடித்த கோல்கள் 24, வாங்கியவை 19. அதாவது 18 ஆட்டங்களில் பகைவரைவிட 5 கோல்களே மிகுதி. முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குச் செல்லும் என்பது அப்போது அப்போட்டியின் முறையாக இருந்தது. அங்கே கோவாவை வென்று, இறுதியில் பெங்களூரை வென்று, கோப்பையைக் கைக்கொண்டது சென்னை. அவ்வெற்றி முழுக்க முழுக்க உரியதே. ஆனால் பெருஞ்செல்வத்தை ஈட்டிய வெற்றியன்று அது. நாணயம் நாணயமாகச் சேர்த்துப் பெற்ற வெற்றி. ஒரு கோலை அடித்து, அதைக் காத்து, மூலை உதையில் ஒன்றைப் பறித்து வென்ற அணி அது. அத்தகைய அணியின் தற்காப்பில் ஒரு கல் பெயர்ந்தாலும் சுவர் ஆடும்.

பெயர்ந்தது ஒரு கல் அன்று. தற்காப்பின் நடுவே நின்று அனைவரையும் ஒழுங்குபடுத்திய அணித்தலைவர், போர்ச்சுக்கல் நாட்டினரான என்ரிக் செரேனோ, கழகத்தை விட்டுச் சென்றார். தற்காப்புக்கு முன்னே நடுக்களத்தில் அரணாக நின்றவர் தன்பால் கணேஷ். நம் வியாசர்பாடியின் பிள்ளை. அவர் முழங்காலில் காயமுற்று அப்பருவம் முழுவதும் களம் காணாமற் போனார். வடசென்னையின் வியாசர்பாடியில் கால்பந்து என்பது பொழுதுபோக்கு அன்று, ஏறத்தாழக் குலத்தொழில். அங்கிருந்து வந்த ஒருவர் ‘சென்னையின்’ எனும் சொல்லுக்கு உண்மையான பொருள் தந்துகொண்டிருந்தார். அரங்கில் அவர் இல்லாமை எனக்குப் புள்ளிப் பட்டியலைவிடப் பெரிய குறையாகத் தோன்றிற்று.

மூன்றாவது, கோல் அடிப்பவரின் நிலை. மிசோரத்தைச் சேர்ந்த ஜெஜே லால்பெக்லுவா வாகை சூடிய பருவத்தில் 9 கோல்கள் அடித்தவர். அடுத்த பருவத்தில் இப்போட்டியில் அவர் அடித்தது ஒன்றே ஒன்று. அதுவும் பிப்பிரவரி மாதத்தில். இதில் ஒரு விந்தையைக் கேளுங்கள். 2019 ஜனவரி 6-ஆம் நாள் அபுதாபியில் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியா தாய்லாந்தை 4-1 என வென்றது. 1964-க்குப் பின் ஆசியக் கோப்பையில் நாம் பெற்ற முதல் வெற்றி அதுவே. சேத்ரி இரண்டு கோல்கள் அடித்தார். மற்ற இரண்டையும் அடித்தவர்கள் யாவர்? அனிருத் தாப்பா, ஜெஜே. இருவருமே சென்னை அணியினர். கழகப் பட்டியலில் கடைசியில் கிடந்த அணியினர்! நாட்டுக்காக ஆடும்போது வலைக்குள் சென்ற பந்து, கழகத்துக்காக ஆடும்போது ஏன் செல்லவில்லை? கால் அதே கால்தான். பந்தைக் கொண்டுவந்து தருவோரும், தோல்வியால் கனத்துப்போன நெஞ்சும் வேறு வேறு.

மாணவ நண்பர்களே, இவ்விடத்தில் கால்பந்தின் இயல்பு ஒன்றை விளக்குதல் வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் குவிகின்றன. ஒரு பந்தில் நேர்ந்த தவறு மற்றவற்றில் கரைந்துவிடும். கால்பந்தில் 90 நிமிடம் 22 பேர் ஓடினாலும் பொதுவாக விழுவன இரண்டு அல்லது மூன்று கோல்கள். ஆகவே ஒவ்வொரு கோலும் மலைபோல் கனக்கிறது. கம்பத்தில் பட்ட பந்து உள்ளே திரும்பினால் 3 புள்ளி. வெளியே திரும்பினால் ஒன்றுமில்லை. சென்னை அணி அப்பருவத்தில் பல ஆட்டங்களை ஒரே கோல் வித்தியாசத்தில் இழந்தது. முதலாட்டத்தில் பெங்களூரிடம் 0-1. அக்டோபரில் நம் அரங்கில் வடகிழக்கு அணியிடம் 3-4. அன்று எதிரணியின் ஓக்பேச்சே ஒருவரே மூன்று கோல்கள் அடித்தார். முந்திய ஆண்டு ஒரு கோல் வித்தியாசத்தில் வென்ற அணி, இவ்வாண்டு அதே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. துலாக்கோல் சிறிதளவே சாய்ந்தது. தட்டோ தரையைத் தொட்டது.

எனினும் எல்லாவற்றையும் ஊழின்மேல் ஏற்றிவிட நான் ஒருப்படேன். 18 ஆட்டங்களில் 13 தோல்வி என்பதைத் தற்செயல் என்று சொல்வது, பத்துப் பாடங்களில் தவறிய மாணவன் வினாத்தாளைக் குறைகூறுவது போலாம். 16 கோல்களில் 4 கோல்கள் புனேயில் பெற்ற ஒரே வெற்றியில் வந்தவை; 3 கோல்கள் வடகிழக்கு அணியிடம் தோற்ற ஆட்டத்தில் வந்தவை. எஞ்சிய 16 ஆட்டங்களுக்கும் சேர்த்து 9 கோல்களே! இது கம்பத்தின் குற்றமன்று. அடிப்பதற்கு ஆள் இல்லை, அதுதான் செய்தி.

இத்தகைய வீழ்ச்சி உலகில் புதிதா என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி 1936-37-இல் முதற் பிரிவின் வாகையர். 1937-38-இல் அவர்கள் 42 ஆட்டங்களில் 80 கோல்கள் அடித்தனர். அப்பிரிவில் வேறெந்த அணியும் அத்தனை அடிக்கவில்லை. வாகை சூடிய ஆர்சனல்கூட 77 தான். ஆனால் சிட்டி வாங்கிய கோல்கள் 77. முடிவில் 22 அணிகளில் 21-ஆம் இடம். அந்நாட்டு வழக்கப்படி கடைசி இரு அணிகளும் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டன. வாகை சூடிய மறு ஆண்டே கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய அணி இங்கிலாந்தில் இன்றுவரை அஃதொன்றே. மிகுதியாக அடித்தும் வீழ்ந்தவர் அவர். அடிக்க இயலாமல் வீழ்ந்தவர் நம்மவர்.

நம் போட்டியில் அப்போது கீழிறக்கும் முறை இல்லை. கடைசியில் வந்தாலும் மறு ஆண்டு அதே இடத்தில் ஆடலாம். இது நன்றா, தீதா? என் கருத்தைச் சொல்கிறேன், நீங்கள் மறுக்கலாம். கீழிறக்கம் எனும் அச்சம் இருந்தால் ஜனவரியிலும் பிப்பிரவரியிலும் ஒவ்வொரு ஆட்டமும் வாழ்வா சாவா என்று நடக்கும், அரங்கு நிறையும். அச்சம் இல்லாததால், அரையிறுதி வாய்ப்புப் போனபின் ஆட்டங்கள் வெறும் கடமையாகிவிட்டன. என்னைச் சுற்றியிருந்த நாற்காலிகள் வாரந்தோறும் காலியாகக் கண்டேன். மறுபுறம், இளங்கழகம் ஒன்றை ஓராண்டின் தோல்விக்காகக் குழியில் தள்ளினால் அதன் பொருள்வளம் வற்றிக் கழகமே மறைந்துவிடும் என்பாரும் உளர். அதிலும் உண்மை உண்டு. ஆனால் இரசிகனுக்குக் கணக்கன் மனம் கிடையாது.

எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் சிறுவன் ஒருவன் ஒரு மாலை என்னை வழிமறித்து, “ஐயா, தோற்பதைப் பார்ப்பதற்கென்றே போகிறீர்களா?” என்று கேட்டான். “வருகிறாயா?” என்றேன். அவனுடைய தந்தையாரின் இசைவு பெற்று அழைத்துச் சென்ற நாள் 2019 பிப்பிரவரி 9. எதிரணி, அப்போது பட்டியலின் உச்சியில் இருந்த பெங்களூர். கடைசி அணி 2-1 என வென்றது! ஜெஜேயின் அந்த ஒற்றைக் கோல் வந்தது அன்றுதான். பூங்கா நிலையத்தில் இரயிலுக்குக் காத்திருந்தபோது சிறுவன், “நம் அணி நன்றாகத்தானே ஆடுகிறது, ஐயா?” என்றான். ஒரே ஓர் ஆட்டத்தைக் கண்டு முடிவுகட்டியவனிடம் நான் புள்ளிவிவரம் பேசவில்லை. ஆறு நாட்களுக்குப் பின் கொச்சியில், பல வாரங்களாக வெற்றியே காணாதிருந்த கேரள அணியிடம் 0-3 எனத் தோற்றோம். அவனே வந்து செய்தி சொன்னான். அந்த வாகையையோ, சென்னையிடம் தோற்ற பெங்களூரே சூடிற்று.

அவ்வாண்டு தமிழ்நாட்டுக் கால்பந்து முழுவதுமே வாடிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2019 மார்ச்சு 9-இல் ஐ-லீக் போட்டியில் வாகை சூடிற்று. 43 புள்ளிகள், கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு 42. மே மாதத்தில் சேது எஃப்.சி. மகளிர் இந்திய மகளிர் லீக்கை வென்றனர். நாளேடுகள் இவ்விரண்டுக்கும் தந்த இடம் போதாது என்பது என் மனக்குறை. பெரிய அரங்கின் தோல்வியைப் பற்றி மாதக்கணக்கில் பேசிய நாமே, சிறிய அரங்குகளின் வெற்றியைப் பற்றி எத்தனை நாள் பேசினோம்?

சென்னையின் கதை லீக்கோடு முடியவில்லை. முந்திய வாகையின் பயனாக ஏ.எஃப்.சி. கோப்பையில் ஆடும் உரிமை கிடைத்திருந்தது. கொழும்பு அணியை 1-0 என வென்று அடுத்த சுற்றுக்குச் சென்றது நம் அணி. ஆனால் அச்‘சொந்த ஊர்’ ஆட்டம் நடந்தது அகமதாபாத்தில்! ஏப்பிரலில் சூப்பர் கோப்பையின் இறுதிவரை சென்று கோவாவிடம் 1-2 எனத் தோற்றது. கிரிகரி நீடித்தார். அடுத்த பருவமும் தள்ளாடியே தொடங்க, 2019 நவம்பர் இறுதியில் அவர் விலகினார். ஸ்காத்துலாந்திலிருந்து வந்த ஓவன் காயில் பொறுப்பேற்றார். லித்துவேனிய நாட்டு வால்ஸ்கிஸ் 15 கோல்கள் அடித்தார். கடைசியில் கிடந்த அணி நான்காம் இடம் ஏறி, அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டக் கூட்டுத்தொகையில் 6-5 என வென்று, இறுதி ஆட்டத்துக்குச் சென்றது.

அவ்விறுதி 2020 மார்ச்சு 14-இல் கோவாவின் பட்டோர்டா அரங்கில் நடந்தது. கொள்ளைநோய் பரவத் தொடங்கிய நாட்கள். இரசிகர் எவருக்கும் உள்ளே இடமில்லை. கல்கத்தாவின் ஏ.டி.கே. அணியிடம் 1-3 எனத் தோற்றோம். தெருச் சிறுவன் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, வெற்று நாற்காலிகளைப் பார்த்து, “யாருமே இல்லையே, ஐயா” என்றான்.