"பிள்ளைக்கு ஒண்டும் இல்லையாம்"

தாழ்வுபாடு கத்தோலிக்க மீனவர்களின் ஊர். எருக்கலம்பிட்டி நம்மவர்களின் ஊர். இரண்டும் மன்னார்த் தீவுக்குள்தான். இத்தீவில் பல வருடம் படிப்பித்தவள் என்ற வகையில், இரு பக்கத்துத் தாய்மாரிடமும் நான் கேட்ட பேச்சு ஒன்றுதான்: "டீச்சர், வயித்து நோ எண்டு ஸ்கூலுக்குப் போக மாட்டன் எண்டுறான். டொக்டர் பாத்தாரு. ஒண்டும் இல்லையாம்."

அந்த 'ஒண்டும் இல்லை' என்பதற்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இருபது வருடம் கழித்த முஸ்லிம்களிடம் 2011இல் ஓர் ஆய்வு நடந்தது. வைத்திய ஆய்வாளர் செஸ்மல் சிறிவர்தனவின் குழு 450 பெரியவர்களைச் சந்தித்தது. அவர்களில் 18.8 வீதமானோருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. யுத்தம் என்றதும் நாம் நினைக்கும் அதிர்ச்சி நோய் 2.4 வீதம்தான். உடல் நோவாக வெளிப்படும் மனத்துயரமோ 14 வீதம். சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, தொழிலின்மை, துணையை இழந்த நிலை ஆகியவற்றோடு இப்பிரச்சினைகள் சேர்ந்தே காணப்பட்டன.

இது பெரியவர்களின் கணக்கு. ஆனால் அந்தப் பெரியவர்கள்தான் இன்று பிள்ளைகளின் உம்மா, வாப்பா, உம்மும்மா. வெளியேற்றத்தைக் கண்ணால் காணாத பிள்ளையும், அதைக் கண்டவர்களின் வீட்டில்தான் வளர்கிறது. தாழ்வுபாட்டுப் பிள்ளையின் வீட்டிலும் யுத்தமும் கடல் தொழிலின் கஷ்டமும் உண்டு. நோவு பொய்யல்ல, பிள்ளைக்குச் சொல்லத் தெரியாததை வயிறு சொல்கிறது. இதை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலும் உள்ளமும் ஒன்றை ஒன்று பாதிக்கும் என்று தனி நூலே எழுதினார்.

அப்படியானால் பாடசாலையிலேயே சரிசெய்துவிட முடியாதா? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். வட இலங்கையில் 399 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வொன்றின் முடிவு 2012இல் வெளியானது. ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள். விளையாட்டு, கதை, பேச்சு. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆனால் எதிர்பார்த்த முக்கிய விடயங்களில் எல்லாருக்கும் பொதுவான பலன் தெரியவில்லை. அமர்வுகளில் கலந்துகொண்ட பெண் பிள்ளைகளின் அதிர்ச்சி அறிகுறிகள், கலந்துகொள்ளாதவர்களுடையதை விட மெதுவாகவே குறைந்தன. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்று: வகுப்பறை நல்ல இடம்தான், ஆனால் வகுப்பு முடிந்து பிள்ளை போய்ச் சேரும் வீடு மாறாவிட்டால் அது மட்டும் போதாது.

உதவி செய்யக்கூடியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். மன்னார் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஊரில் மௌலவியும் குருவானவரும் இருக்கிறார்கள். ஒருவர் கண்டது மற்றவருக்குப் போய்ச் சேருவதில்லை என்பதே குறை. ஆசிரியை கவனிக்கிறார், வீட்டுக்குச் சொல்ல யோசிக்கிறார். தாய் ஓதிப் பார்க்கக் கொண்டுபோகிறாள், டொக்டரிடம் அதைச் சொல்வதில்லை. டொக்டர் குளிசை கொடுக்கிறார், வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஆகவே ஒத்துழைப்பு என்பது கூட்டம் போட்டுப் படம் எடுப்பதல்ல. யார் எதைச் செய்வது என்ற தெளிவு. ஆசிரியர், பிள்ளையிடம் வந்த மாற்றத்தைக் குறித்துவைத்து, நோய்ப்பெயர் சூட்டாமல் பெற்றோருக்குச் சொல்லட்டும். நோய் எது என்பதை வைத்தியர் சொல்லட்டும். வீட்டின் வறுமைக்கும் வன்முறைக்கும் உத்தியோகத்தர்கள் வழி பார்க்கட்டும். மௌலவி ஓதிப் பார்ப்பதோடு, "ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோங்க, மருந்து தேடுறது நபிவழிதான்" என்று ஒரு வார்த்தை சொன்னால், பத்துக் கருத்தரங்கு செய்யாததை அது செய்யும்.

இதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பிள்ளை சொன்ன இரகசியம் ஊர்ப்பேச்சாகக் கூடாது. தேவையானவருக்குத் தேவையான அளவு மட்டும் போகட்டும். "பைத்தியம் எண்டு சொல்லிருவாங்க, நாளைக்கு யார் கலியாணம் முடிப்பா?" என்ற பயத்தில்தான் பெண் பிள்ளைகளின் துயரம் வீட்டுக்குள்ளேயே பூட்டப்படுகிறது. மற்றது, சாகப் போறன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தேசிய மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இரண்டு இலக்கங்களையும் வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்.

மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த வயதில் பிள்ளை நம் வகுப்பில், நம் மதரஸாவில், நம் வீட்டில்தான் இருக்கிறது. அடுத்த முறை 'ஒண்டும் இல்லையாம்' என்று கேட்டால், அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடாதீர்கள். "வீட்டுல எல்லாம் எப்பிடி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.