மணவாளக்குறிச்சி மணலும் மௌலாலிக் குழாயும்

சென்னையிலிருந்து உறவினர் யார் வந்தாலும் சார்மினார், சாலார்ஜங் மியூசியம், பிர்லா மந்திர் என்று சுற்றிக் காட்டுகிறோம். மௌலாலி தாண்டி ஈ.சி.ஐ.எல். பக்கம் யாரும் அழைத்துப் போவதில்லை. போனாலும் உள்ளே விடமாட்டார்கள் என்பது வேறு விஷயம்! ஆனால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் உயிர்நாடி என்று சொல்லத்தக்க பொருள் அந்த மதிலுக்குள்தான் தயாராகிறது. 1971இல் தொடங்கப்பட்ட அணு எரிபொருள் வளாகம். நம் வாய்க்குப் பழகிய பெயர் என்.எஃப்.சி.

"கல்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறோமே, பயமில்லையா?" என்று செங்கல்பட்டு உறவுகள் கேட்கும்போதெல்லாம் நான் இந்தக் குழாயின் கதையைத்தான் சொல்வேன். பயப்படவே வேண்டாம் என்று சொல்ல நான் விஞ்ஞானி அல்லன். பயத்தை யார், எப்படிக் கவனித்தார்கள் என்பதையாவது தெரிந்துகொள்ளலாமே.

கல்பாக்கத்து உலை ஒவ்வொன்றிலும் 306 அழுத்தக் குழாய்கள். படுத்த வாக்கில், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், உள்ளகலம் எட்டு சென்டிமீட்டர் சொச்சம், சுவரின் கனமோ சில மில்லிமீட்டர்தான். அதற்குள் 12 யுரேனியக் கட்டுகள். அவற்றைச் சுற்றி சுமார் 290 டிகிரிச் சூட்டில், கொதிக்கவிடாத அழுத்தத்தில் கனநீர் ஓடும். நம் வீட்டுப் பிரஷர் குக்கர் இதன் முன் குழந்தை! இந்தக் குழாயை ஒரு வெளிக்குழாய் சூழ்ந்திருக்கும். அதற்கு வெளியே குளிர்ந்த கனநீர். சுடு குழாயும் குளிர் குழாயும் தொட்டுவிடாமல் நடுவே வளையம்போலச் சுருள்வில்கள்.

குழாய் ஜிர்கோனியத்தால் ஆனது. நியூட்ரானை விழுங்காமல் விடுவது அதன் குணம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது இருக்கிறது. ஆனால் கூடவே ஹாஃப்னியம் என்ற பங்காளியும் ஒட்டிக்கொண்டு வரும். குணத்தில் நேர் எதிர்; நியூட்ரானை விழுங்கித் தீர்க்கும். வேதியியலில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பிரிப்பது பெரும்பாடு. அதைப் பிரித்து, உலோகமாக்கி, உருக்கி, அழுத்திப் பிதுக்கி, குளிர்நிலையில் உருட்டி நீட்டி, கண்ணுக்குத் தெரியாத கீறலும் இல்லை என்று மீயொலியால் சோதித்த பிறகே குழாய் லாரி ஏறும்.

கல்பாக்கத்து முதல் உலை இயங்கத் தொடங்கியது 1983 ஜூலையில். அடுத்த மாதம் முதல் தேதியே கனடாவில் பிக்கரிங் நிலையத்தின் இரண்டாவது உலையில் ஒரு குழாய் சுமார் இரண்டு மீட்டர் நீளத்துக்கு வாய் பிளந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது. சுருள்வில் இடம் பெயர்ந்திருக்கிறது. குழாய் தொய்ந்து குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டிருக்கிறது. உலோகம் வருஷக்கணக்கில் உறிஞ்சியிருந்த ஹைட்ரஜன் அந்தக் குளிர்ந்த இடத்தில் போய்ச் சேர்ந்து கொப்புளம் கட்டி, அங்கே உலோகம் அப்பளம்போல நொறுங்கும் தன்மையாகிவிட்டது. அந்தக் குழாயின் கலவை ஜிர்கலாய்-2. கல்பாக்கத்திலும் அதே கலவைதான்!

இதற்கு மாற்று, இரண்டரை சதவீதம் நையோபியம் சேர்த்த ஜிர்கோனியம். வலிமை கூடுதல், ஹைட்ரஜனை உறிஞ்சுவதும் குறைவு. புதிய உலைகளில் காக்ராபார் இரண்டாவது உலையிலிருந்து இந்தக் குழாய்தான். பழைய உலைகளை என்ன செய்வது? கதிரியக்கம் நிறைந்த உலையின் வயிற்றைத் திறந்து 306 குழாய்களையும் உருவி, புதியவற்றைப் பொருத்த வேண்டும். ராஜஸ்தானில் இரண்டாவது உலையில் 1990களில் முதலில் செய்து பார்த்தார்கள். பிறகு 2002-2003இல் கல்பாக்கம் இரண்டாவது உலை, அடுத்து முதல் உலை. புதிய குழாய்கள் நம் ஹைதராபாதில் செய்தவை. சுருள்வில்களும் இரண்டுக்குப் பதில் நான்கு, நகராமல் இறுக்கிப் பிடிப்பவை.

இன்னொரு சங்கதி. உலைக்குள் கனநீரைப் பரப்பும் அமைப்பு 1980களின் இறுதியில் பழுதானதால் இரண்டு உலைகளையும் 170 மெகாவாட்டுக்குக் குறைத்து ஓட்டிவந்தார்கள். குழாய் மாற்ற உலையைத் திறந்தபோதே அதற்கும் மாற்று வழி செய்து, 220 மெகாவாட்டுக்குத் திரும்பினார்கள். பாதுகாப்புக்காக நிறுத்தினால் மின்சாரம் நஷ்டம் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. நஷ்டம் உண்மைதான், ஆனால் ஒரே ரிப்பேரில் இரண்டும் கிடைத்தனவே. கர்நாடகத்துக் கைகா முதல் உலை, ஆரம்பத்திலிருந்தே நையோபியக் குழாய் கொண்டது, 2018 டிசம்பர் 31 வரை 962 நாள் நிற்காமல் ஓடி அன்றைய உலக சாதனை படைத்தது. பின்னர் கனடாவின் டார்லிங்டன் அதை முந்தியது.

எனக்கு ஒரு குறை உண்டு. இவ்வளவும் ஆங்கில அறிக்கைகளிலேயே தூங்குகிறது. கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள குப்பத்துக்காரருக்கு, குழாயை ஏன் மாற்றினோம் என்று எளிய தமிழில் ஒரு சிறு புத்தகம் போட்டால் பயமும் குறையும், கேள்வியும் சரியாகக் கேட்பார்கள். நம் சங்கத்தில் அந்த வளாகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கக்கூடும். ரகசியம் காக்க வேண்டியது போக, சொல்லக்கூடியதை அவர்கள் இந்தப் பக்கங்களிலேயே எழுதலாம்.

மணலும் இப்போது அத்தனை தூரம் வர வேண்டியதில்லை. 2009இல் தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலில் ஜிர்கோனிய ஆலை ஒன்றை இதே வளாகத்தார் திறந்தார்கள். அங்கே உலோகமாகி, குழாயாவதற்கு இங்கே ரயிலோ லாரியோ ஏறி வருகிறது, நம்மில் பலர் வந்ததைப் போலவே.