தறி வீட்டிலும் ஓர் அறிவியலாளர்

வகுப்பில் வெள்ளைத்தாள் கொடுத்து, "ஓர் அறிவியலாளரை வரையுங்கள்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் கண்ணாடி அணிந்து, வெள்ளை அங்கியுடன், கையில் சோதனைக் குழாய் ஏந்திய ஓர் ஆணே வருவார். டேவிட் வேட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில் 4,807 குழந்தைகள் வரைந்தனர். பெண் அறிவியலாளர் இடம்பெற்ற படங்கள் 28 மட்டுமே. அவை அனைத்தையும் வரைந்தவர்கள் சிறுமிகள்.

படத்தில் தன்னைப் போன்றவர் இல்லையெனில், "அறிவியல் எனக்கானதல்ல" என்று குழந்தை தேர்வுக்கு முன்பே முடிவு செய்துவிடக்கூடும்.

வீட்டில் நடக்கும் வேதியியல்

ஆரணியில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை மாற்றுவது எளிது. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்தால் செரிசின் என்னும் பசைப்புரதம் கரைகிறது. நூலின் எடை ஏறத்தாழ கால்பங்கு குறைய, மென்மையும் பளபளப்பும் கூடுகின்றன. ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் பாவு இழை உயரும், இல்லையெனில் உயராது. 'ஆம், இல்லை' என்னும் இந்த ஏற்பாட்டைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறி வடிவமைப்பில் எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் செய்ய

பட்டு, பருத்திக் கழிவு நூல்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வெந்நீரில் கேசரிப் பவுடரும் சிறிது வினிகரும் கலந்து (சூடான நீரை ஆசிரியரே கையாளவும்) இரண்டையும் ஊறவைத்து, பின் அலசுங்கள். எதில் நிறம் நிற்கும் என்று முன்பே ஊகித்து எழுதட்டும். புரத இழையான பட்டில் நிறம் பிடிக்கும். பருத்தியில் பெரும்பாலும் கழுவிப்போகும். சாயம் போடுபவரையும் நூல் சுற்றும் தாயையும் வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் செய்யுங்கள். இதற்கு, தறியோடு நின்றுவிட வேண்டும் என்று பொருளல்ல. குழந்தையின் வீட்டிலும் அறிவு உண்டு என்று பொருள்.

சொல்லிலும் கவனம்

மார்ஜோரி ரோட்ஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், "அறிவியலாளர் ஆவோம்" என்பதைவிட "அறிவியல் செய்வோம்" என்று கேட்ட சிறுமிகள் செயல்பாட்டில் அதிக நேரம் ஈடுபட்டனர். ஆகவே முதலில் செயல், பட்டம் பிறகு.

செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்து ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநரான நிகர் சாஜி, பாலிடெக்னிக்கில் தொடங்கி சந்திரயான்-3 திட்ட இயக்குநரான விழுப்புரம் வீரமுத்துவேல் ஆகியோரை இந்தச் செயல்பாடுகளோடு சேர்த்து அறிமுகப்படுத்துங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் போதாது.

ஆண்டிறுதியில் மீண்டும் வரையச் சொல்லி, இரு படங்களையும் அருகருகே வையுங்கள். என்ன மாறியது, ஏன் மாறியது என்று பிள்ளைகளே சொல்லட்டும்.