கடலில் புயற்காற்றை அளப்பது எப்படி?

காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 90 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும் என்று புயற்காலச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். ஒரே காற்றுக்கு ஏன் இரண்டு வேகங்கள்? காற்று ஒரே சீராக வீசுவதில்லை. நம் நாட்டில் மூன்று நிமிடச் சராசரியையே புயற்காற்றின் வேகமாகக் கொள்கிறார்கள். இடையே சில விநாடிகள் மட்டும் பாயும் வீச்சு அதைவிட அதிகம். கூரை ஓட்டைப் பெயர்ப்பது பெரும்பாலும் அந்த வீச்சுதான்.

கரையில் அளப்பது எளிது. திறந்தவெளியில் 10 மீட்டர் உயரக் கம்பத்தின்மேல் சுழலும் கிண்ணங்களே போதும். ஆனால் மரங்களும் வீடுகளும் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. கடற்பரப்பில் அவ்வளவு தடை ஏது? கரையில் காற்று மிதமாயிருக்கிறதே என்று நம்பிப் படகைத் தள்ளினால் உயிருக்கே ஆபத்து.

ஆழ்கடலில் கம்பம் நட முடியாது. எனவே நங்கூரமிட்ட மிதவைகளில் கருவியைப் பொருத்துகிறார்கள். நம் மிதவைகளில் அது சுமார் 3 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். 10 மீட்டருக்கு ஏற்ப அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். மிதவை இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் கைகொடுக்கிறது. அது நுண்ணலைகளைக் கடல்மீது பாய்ச்சும். காற்று வலுத்தால் நீரில் சிற்றலைகள் கூடும். சிதறித் திரும்பும் நுண்ணலையும் கூடும். 2009-இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2 இவ்வாறே அளந்தது. கனமழை மட்டும் இக்கணக்கைக் குழப்பிவிடும்.

அளவில் ஏன் இத்தனை கவனம்? வேகம் இருமடங்கானால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பைச் சுமார் 17 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளுகிறது. 120 கிலோமீட்டர் என்றால் 68! உங்கள் வீட்டுக் கதவின் பரப்பை அளந்து பெருக்கிப் பாருங்கள்.