ஆப்புக்கு மசியாத எண்

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நாம் இம்முறை நின்று பார்த்தவை சிற்பமே இல்லாத சில பாறைகள். அவற்றின்மீது வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. துளைகளில் ஆப்பை இறக்கிப் பாறையைப் பிளப்பது கல்தச்சர் வழக்கம்.

எந்த ஆப்புக்கும் மசியாத கல் உலகில் இல்லை, எண் உண்டு. 12ஐ மூன்றாலும் நான்காலும் பிளக்கலாம். 13ஐ ஒன்றாலும் அதே எண்ணாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுக்க இயலாது. இத்தகையவற்றுக்குப் பகா எண்கள் என்று பெயர்.

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் ஒரு பகா எண்ணைக் கண்டறிந்தார். இரண்டை 13,62,79,841 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. அதன் இலக்கங்கள் 4,10,24,320. பக்கத்துக்கு 4,000 இலக்கமாக அச்சிட்டால் பதினாயிரம் பக்கங்களுக்கு மேல் போகும்! அதுவரை அறிந்த பகா எண்களில் அதுவே பெரியது.

இத்தனை பெரிய எண் பிளவுபடாது என்று எப்படிச் சொன்னார்கள்? வாசகர்கள் ஒரு பென்ஸிலை எடுத்துக்கொண்டால், அதே வித்தையைச் சிறிய எண்ணில் செய்து பார்க்கலாம். இரண்டை ஏழு தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 127. இப்போது 4இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்தில் இரண்டைக் கழித்து, 127ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அப்படியே செய்யுங்கள். 14, 67, 42, 111 என்று வந்து, ஐந்தாம் தடவை பூஜ்யம் வரும். ஏழில் இரண்டு குறைவாக ஐந்து தடவை, முடிவில் பூஜ்யம். ஆகவே 127 பகா எண். லூகாஸ், லேமர் என்ற இருவர் வகுத்த இந்தச் சோதனையாலேயே அப்பெரிய எண்ணும் உறுதியாயிற்று.

ஆனால் இவ்வித்தை இந்த ஒரு குடும்பத்து எண்களுக்கே செல்லும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஐயத்துக்கு இடமின்றி விரைவில் தீர்ப்புக் கூறும் முறையை 2002இல் உலகுக்கு அளித்தவர்கள் நம் நாட்டவர்: கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்ஸேனா.

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கலாம். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கற்பலனிலிருந்து அவற்றை மீட்பது மிகக் கடினம். கம்பியில்லாமல் செல்லும் நம் பணத்துக்கும் அந்தரங்கத்துக்கும் இந்தக் கடினமே பல இடங்களில் பூட்டாக இருக்கிறது. பூட்டு வேண்டும் என்று எண்ணியா பண்டைக் கணிதர் பகா எண்களை ஆராய்ந்தார்கள்? இல்லை, அறியும் ஆசை ஒன்றே காரணம்.

அந்த ஆசைக்கு ஓர் இல்லம் மாமல்லபுரம் போகும் பழைய சாலையை ஒட்டிய சிறுசேரியில் இருக்கிறது: சென்னைக் கணிதக் கழகம். அதை 1989இல் தொடங்கியவர் ஸி. எஸ். சேஷாத்ரி. 1932இல் காஞ்சீபுரத்தில் பிறந்து, செங்கற்பட்டில் வளர்ந்து, உலகப் புகழ் பெற்ற கணித மேதை. ஆராய்ச்சி செய்வோரிடமே இளம் மாணவர்கள் பாடம் கேட்கவேண்டும் என்று 1998இல் பட்ட வகுப்பையும் ஏற்படுத்தினார். 2005இல் கழகம் சிறுசேரிக்கு வந்தது. 2020இல் அவர் காலமானார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு நாள், "கணிதமே படிக்கிறேன்" என்று வந்து நின்றால், "அதற்கு என்ன சம்பளம்?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள். அந்தப் பென்ஸிலையும் 127ஐயும் கொடுத்துப் பாருங்கள். பூஜ்யம் வந்ததும் அதன் கண்கள் பிரகாசித்தால், வழிவிட்டு நில்லுங்கள்.