வேலை முடித்த நீராவி

2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றுபோனதை வாசகியர் மறந்திருக்கமாட்டீர்கள். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சரே சொன்னார். நாடு முழுக்கச் சிரித்தது. அன்றைய பொழுதுக்குள் விளக்குகள் மீண்டும் எரிந்துவிட்டன. ஆனால் அடுத்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. குரங்கின் கதைதான் ஞாயிற்றுக்கிழமையே முடிந்துவிட்டதே, பிறகு எதற்கு மின்வெட்டு?

நுரைச்சோலையில் மூன்று இயந்திரங்களும் ஒன்றாக நின்றுவிட்டன, அவற்றைத் திரும்ப இயக்க நாள் எடுக்கும் என்பதுதான் பதில். பஸ்ஸை நிறுத்திவிட்டுத் திரும்பச் சாவியைத் திருப்புவதுபோல் ஓர் அனல் மின்நிலையத்தைத் திருப்ப முடியாது. ஏன் முடியாது என்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். மின்நிலையத்தின் படத்தை வரையச் சொன்னால் நாம் புகைபோக்கியை வரைவோம், கரிக்குவியலை வரைவோம். இதை வரையமாட்டோம். இதன் பெயர் ஒடுக்கி. வேலை முடித்துக் களைத்து வரும் நீராவியைப் பிடித்துத் திரும்பத் தண்ணீராக்கும் பெரிய பெட்டி இது.

குசினியிலிருந்தே தொடங்கலாம். புட்டு அவியும்போது மூடியைத் தூக்கினால் அதன் உட்புறத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். ஆவி குளிர்ந்து திரும்ப நீராவதை ஒடுக்கம் என்று பௌதிகவியல் புத்தகம் சொல்கிறது. கொதிநீர் கையில் பட்டால் சுடும், ஆவி பட்டால் அதைவிட மோசமாகச் சுடும் என்று உம்மாமார் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஒரு கிலோ தண்ணீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவரச் சுமார் 293 கிலோயூல் சக்தி போதும். அந்தக் கொதிநீரை அதே 100 பாகையில் ஆவியாக்க மேலும் 2257 கிலோயூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்! இவ்வளவும் ஆவிக்குள் மறைந்து கிடக்கிறது. அதனால்தான் அதற்கு மறைவெப்பம் என்று பெயர். ஆவி நம் தோலில் பட்டு நீராகும்போது அந்தக் கடன் முழுவதையும் அங்கேயே இறக்கிவைத்துவிடுகிறது.

இன்னொரு குணமும் உண்டு. 100 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1700 லீற்றர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த ஆவியை மூடிய பாத்திரத்துக்குள் திடீரெனக் குளிரவைத்தால் அது ஒரு லீற்றர் தண்ணீராகச் சுருங்கும். மிச்ச இடம் வெற்றிடமாகும். நீராவி இயந்திரத்தின் வரலாறு தொடங்கியது ஆவி தள்ளுவதிலிருந்து அல்ல, ஆவி இல்லாமற் போவதிலிருந்துதான்.

1712இல் தோமஸ் நியூகொமன் என்ற ஆங்கிலேயர் சுரங்கத் தண்ணீரை இறைக்க அமைத்த இயந்திரம் இப்படித்தான் ஓடியது. உருளைக்குள் ஆவியை விடுவார்கள், பிறகு அதற்குள்ளேயே குளிர்ந்த நீரைத் தெளிப்பார்கள். ஆவி ஒடுங்கி வெற்றிடம் உண்டாகும். வெளியே உள்ள வளிமண்டலம் பிஸ்டனைக் கீழே அழுத்தும். வேலையைச் செய்தது உண்மையில் காற்றின் பாரம். ஆனால் ஒவ்வொரு முறையும் உருளையைச் சுடவைத்து, குளிரவைத்து, மறுபடி சுடவைக்க வேண்டியிருந்தது. கரி கொடுத்த வெப்பத்தின் பெரும்பகுதி இரும்பைச் சூடாக்குவதிலேயே போயிற்று. தோசைக்கல்லை ஒவ்வொரு தோசைக்கும் கழுவி ஆறவைப்பதுபோல!

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் திருத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் வாட்டின் கைக்கு அந்த இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. கேத்தல் மூடி ஆடியதைப் பார்த்து அவர் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று சிறுவர் புத்தகங்கள் சொல்லும் கதையை நம்பவேண்டாம். இயந்திரம் அவர் பிறப்பதற்கு முன்பே இருந்தது. அவர் கண்டது வேறு. 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ பசும்புல் வெளியில் நடந்துகொண்டிருந்தபோது, ஆவியை உருளைக்குள் ஏன் குளிரவைக்க வேண்டும், பக்கத்தில் எப்போதும் குளிராக இருக்கும் இன்னொரு பாத்திரத்துக்கு அதை இழுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. உருளை எப்போதும் சூடு, ஒடுக்கி எப்போதும் குளிர். 1769இல் காப்புரிமை கிடைத்தது. பின்னர் அவரும் கூட்டாளி போல்டனும், பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் கரியின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கைத் தங்கள் கட்டணமாக வாங்கினார்கள். மிச்சப்படுவதில் பங்கு கேட்கும் வியாபாரம் எவ்வளவு துணிச்சலானது பாருங்கள்.

நுரைச்சோலையில் இன்று நடப்பதும் இதே யோசனைதான், அளவுதான் மலைக்கவைக்கிறது. லக்விஜய மின்நிலையம் புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. 300 மெகாவாட் கொண்ட மூன்று பிரிவுகள். முதலாவது 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் தேசிய மின்வலையில் சேர்ந்தன. இந்த வகை நிலையங்களில் கொதிகலனிலிருந்து ஆவி சுமார் 540 பாகை வெப்பத்துடன், வளிமண்டலத்தைப்போல் 160 மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்துடன் புறப்படும். சுழலியின் அலகுகளைத் தள்ளித் தள்ளி நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றவைத்து, படிப்படியாக விரிந்து, கடைசியில் களைத்து விழும்.

அது எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. வெளிக்காற்றில் விட்டால் அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. ஒடுக்கிக்குள் விட்டாலோ, கடல்நீர் ஓடும் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்களின் வெளிப்புறத்தில் பட்டு 40 பாகை அளவிலேயே நீராகிவிடும். அந்த வெப்பநிலையில் நீராவியின் அமுக்கம் வளிமண்டலத்தில் பதினான்கில் ஒரு பங்குதான். ஆகவே சுழலியின் மறுமுனையில் ஏறத்தாழ வெற்றிடம். பின்னாலிருந்து கொதிகலன் தள்ள, முன்னாலிருந்து ஒடுக்கி இழுக்கிறது என்று சொல்லலாம். இந்த இழுப்பு இல்லாவிட்டால் அதே கரியிலிருந்து கிடைக்கும் வேலையில் கால்பங்கு அளவு போய்விடும். 300இல் 75 மெகாவாட்!

இதற்கு எவ்வளவு கடல்நீர் வேண்டும்? உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் எவரும் போடக்கூடிய கணக்குத்தான். இத்தகைய நிலையத்தில் கரி தரும் வெப்பத்தில் 35 முதல் 40 வீதம் மின்சாரமாகும். புகைபோக்கியாலும் வேறு வழிகளாலும் கொஞ்சம் போகும். பாதி அளவு ஒடுக்கியினூடாகக் கடலுக்குப் போகும். 300 மெகாவாட் பிரிவொன்றுக்கு அது 400 மெகாவாட் வெப்பம் என்று வைப்போம். ஒரு கிலோ நீரை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4 கிலோயூல். கடல்நீர் 10 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது என்றால் ஒவ்வொரு செக்கனுக்கும் 10,000 கிலோ, அதாவது 10 தொன் நீர் ஓடவேண்டும். மூன்று பிரிவுக்கும் 30 தொன். செக்கனுக்கு மூன்று பெரிய தண்ணீர் பவுசர், இரவும் பகலும்! அனல் மின்நிலையங்கள் கடலோரத்தையும் ஆற்றோரத்தையும் தேடிப்போவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

ஆவியை ஒடுக்கிப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கப்பலோடு சம்பந்தப்பட்டது. கொதிகலனுக்குள் கடல்நீரைக் கொதிக்கவைத்தால் உப்புப் படிந்து அது கெட்டுவிடும். நல்ல நீரைத்தான் ஊற்றவேண்டும்; நடுக்கடலில் நல்ல நீருக்கு எங்கே போவது? ஒரே நீரை ஆவியாக்கி, ஒடுக்கி, திரும்பக் கொதிகலனுக்குள் விட்டால் பிரச்சினை தீர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் சமுத்திரங்களைத் தாண்ட இது பெரிதும் உதவியது. கடல்நீரைக் காய்ச்சி ஆவியை ஒடுக்கினால் குடிநீரும் கிடைக்கும். ஹஜ்ஜுக்குப் போனவர்களின் பழைய பயணக் கதைகளைக் கேட்டிருந்தால் ஜித்தாவின் தண்ணீர்க் கஷ்டம் தெரிந்திருக்கும். உதுமானியர் காலத்தில், 1907 அளவில், அங்கே கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் ஒன்று நிறுவப்பட்டது. மக்கள் அதை ‘கன்தாஸா’ என்றார்கள். கண்டென்சர் என்ற சொல் அறபு நாவில் அப்படி மாறியது! 1928இல் மன்னர் அப்துல் அஸீஸ் மேலும் இரண்டைத் தருவித்தார். வாலையில் பன்னீர் வடிக்கும் கலையை உலகுக்கு வளர்த்துக் கொடுத்த மொழி, ஒடுக்கிக்கு ஒரு சொல்லை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

கொள்ளுப்பிட்டிக் கடற்கரையோரம் ஓடிய பழைய கரிக்கோச்சிக்கு ஒடுக்கி கிடையாது. வேலை முடித்த ஆவியை அது புகைபோக்கியால் ‘சக்கு புக்கு’ என்று ஊதித் தள்ளும். அந்த ஊதலே அடுப்புக்குக் காற்றையும் இழுத்துக் கொடுக்கும். அதற்கு விலையாக, இடையிடையே ஸ்டேஷன்களில் நின்று தண்ணீர் குடிக்கவேண்டும். தண்ணீரே இல்லாத கரூ வனாந்தரத்தைக் கடக்க, தென்னாபிரிக்கா 1950களில் ஒடுக்கி பூட்டிய 90 எஞ்சின்களை வாங்கியது. அவை ‘சக்கு புக்கு’ என்று சத்தமிடவில்லையாம்.

மின்நிலையத்துக்குத் திரும்புவோம். ஒரு 300 மெகாவாட் பிரிவினுள் மணிக்கு ஆயிரம் தொன்னுக்குக் கிட்ட மிகத் தூய நீர் சுற்றிவருகிறது. ஒடுக்கிக் குழாய் ஒன்றில் ஊசித்துளை விழுந்தால், வெளியே வெற்றிடம், உள்ளே கடல். ஆகவே உப்புநீர்தான் தூய நீருக்குள் பாயும். சிறிதளவு உப்புப் போனாலும் கொதிகலக் குழாய்கள் அரிக்கத் தொடங்கும்.

நாடு முழுவதும் மின்சாரம் நிற்கும்போது என்ன நடக்கும் என்பதையும் இப்போது சொல்லிவிடலாம். கடல்நீரை இறைக்கும் பம்பிகளும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அவை நின்றால் ஒடுக்கி குளிராது, வெற்றிடம் கெடும். உள்ளே வந்து சேரும் ஆவி அமுக்கத்தைக் கூட்டும். அது எல்லை மீறினால் சுழலியின் உடல் வெடிக்காதிருக்க, இத்தகைய சுழலிகளில் மெல்லிய தகடுகள் வைத்திருப்பார்கள். அவை தாமே கிழிந்து வழிவிடும். கிழிந்தால் மாற்றவேண்டும். திரும்பத் தொடங்கும்போது முதலில் வெளியிலிருந்து மின்சாரம் வரவேண்டும். பம்பிகள் ஓடி, உள்ளே உள்ள காற்றை உறிஞ்சி வெற்றிடத்தைக் கட்டி, கொதிகலனை ஆறுதலாகச் சூடாக்கி, கனத்த சுழலித் தண்டு வளையாதபடி மெதுவாக உருட்டி, அதன் பிறகுதான் வேகம். மூன்று பிரிவுக்கும் இதே சடங்கு. நாள்கணக்கு ஆவதில் வியப்பில்லை.

இதில் கடலுக்கும் ஒரு பக்கம் உண்டு, அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. இந்தத் திட்டத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையும் கற்பிட்டிக் கடற்றொழிலாளரும் எதிர்த்ததால் அது நெடுங்காலம் இழுபட்டது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறியதும் இதே புத்தளம் மாவட்டத்தில்தான். அங்குள்ளவர்களின் முறைப்பாடுகளில் சாம்பலும் கரித்தூசும்தான் முதலில் பேசப்படுகின்றன, கண்ணுக்குத் தெரிவதால். சூடாகித் திரும்பும் நீர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஒட்சிசன் குறையும். உள்ளே இழுக்கப்படும் நீரோடு மீன் முட்டைகளும் குஞ்சுகளும் போகும். கடலும் சும்மா இருப்பதில்லை. தமிழ்நாட்டின் கல்பாக்கம் அணுமின் நிலையம் கடலடியில் 468 மீற்றர் நீளமான சுரங்கத்தால் நீரை எடுக்கிறது. அந்தச் சுரங்கச் சுவரில் மட்டிகள் அடையாக ஒட்டி வளர்வதும், ஜெல்லிமீன் கூட்டங்கள் வந்து வடிகளை அடைப்பதும் அங்குள்ள விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகப் போராடிவரும் விடயங்கள். சுவீடனில் 2013இல் ஜெல்லிமீன்கள் ஓர் அணு உலையையே நிறுத்திவைத்தன.

ஒடுக்கி எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பது கடைசியில் கடலின் குளிர்ச்சியில் தங்கியிருக்கிறது. சித்திரை வெயிலில் கொள்ளுப்பிட்டிக் கட்டடங்களில் குளிரூட்டிகள் எல்லாம் ஒன்றாக ஓடும். மின்சாரம் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் நுரைச்சோலைக் கடலும் சூடாக இருக்கும். வெற்றிடம் சற்றுத் தளரும். அதே கரிக்குக் கொஞ்சம் குறைந்த மின்சாரமே வரும். கடல் போன்ற பெரிய குளிர்ப் பாத்திரம் இலவசமாகக் கிடைத்தது என்று நினைத்துத்தான் அங்கே நிலையத்தைக் கட்டினோம். அது இலவசமா என்பதைக் கரையில் வலை இழுப்பவரிடமும் கேட்கவேண்டும். உள்ளே போகும் நீரின் வெப்பநிலை, வெளியே வரும் நீரின் வெப்பநிலை என்ற இரண்டு எண்களையும் நாள்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் அந்த வாடிகளில் எழுதிப்போட்டால் என்ன? அதற்கு ஒரு பலகையும் ஒரு வெண்கட்டியும் போதும்.