உறுதியா, அனுமதிப்பத்திரமா? வெருகல் மக்களின் காணிகளும் சட்டச் சொற்களும்

திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையில், வெருகல் ஆற்றை அண்டிய ஊர்களில் காணி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாது வந்து விழும். "எங்களிட்ட உறுதி இருக்கு" என்பதே அது. அந்தக் கடதாசியை வாங்கி விரித்துப் பார்த்தால், பல வேளைகளில் அது உறுதியாக இருப்பதில்லை. அரசு வழங்கிய அனுமதிப்பத்திரமாகவோ, அளிப்புப் பத்திரமாகவோ, முத்திரை ஒட்டி இருவர் கையொப்பமிட்ட வெறுந்தாளாகவோ இருக்கின்றது. வைத்திருப்பவருக்கு இவை எல்லாம் ஒன்றே. நீதிமன்றத்திற்கோ ஒவ்வொன்றும் வெவ்வேறு.

2006ஆம் ஆண்டு மாவிலாற்று விவகாரத்தோடு மூண்ட போரில், ஈச்சிலம்பற்று, வெருகல் பகுதித் தமிழ் மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்பை நோக்கியும், மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாயை நோக்கியும் இடம்பெயர்ந்தனர். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியவர்களிற் பலர் காணிப் பத்திரங்களை இழந்தனர். திரும்பி வந்தபோது எல்லைக் கற்களும் இல்லை, வேலியும் இல்லை. அன்றிலிருந்து எழுந்த பிணக்குகளிற் கணிசமானவை, எந்தச் சொல் எதைக் குறிக்கின்றது என்பதை அறியாமையால் வளர்ந்தவை என்பதே எமது எண்ணம். ஆகவே அச்சொற்களிற் சிலவற்றை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

முதலில் உறுதி. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை விற்பதோ, நன்கொடையாக வழங்குவதோ, ஈடு வைப்பதோ, விற்பதாக வாக்களிப்பதோ கூட எழுத்தில் இருத்தல் வேண்டும். அது உரிமம் பெற்ற நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையில் உடனிருக்கக் கையொப்பமிடப்படல் வேண்டும். முழு உரிமையையும் விலைக்கு மாற்றுவது அறுதி உறுதி. கடனுக்குப் பிணையாக வைப்பது ஈட்டு உறுதி. பெற்றோர் தாம் உயிருடன் இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கும்போது, அவ்வாறு வைத்துக்கொள்வது சீவிய உரித்து.

உறுதி தொலைந்தால் உரிமை தொலைந்துவிடுவதில்லை. நொத்தாரிசு தாம் நிறைவேற்றிய உறுதிகளின் இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவகத்திற்கு அனுப்புவது சட்டக் கடமை. ஆதலால் நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி ஆகியவற்றை அறிந்தவர் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெற வழியுண்டு. இதனை அறியாது, "பத்திரம் எரிந்து போயிற்று, இனி என்ன செய்வது" என்று வாளாவிருப்போர் இன்றும் உளர். பதிவு செய்வதற்கு இன்னொரு பயனும் உண்டு. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றிருப்பின், முதலில் வாங்கியவர் பதியாமல் இருக்க, பின்னர் விலை கொடுத்து நேர்மையாக வாங்கியவர் முந்திப் பதிந்தால் அவரது உறுதியே மேலோங்கும்.

இனி அனுமதிப்பத்திரம். வெருகல் போன்ற விவசாயப் பிரதேசங்களில் பரவலாக இருப்பது இதுவே. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு தனது காணியில் ஒருவரைக் குடியிருக்கவும் பயிரிடவும் விடுவதற்கான இசைவு அது. காணி அரசினுடையதாகவே இருக்கும். நிபந்தனைகளை மீறினால் அறிவித்தலும் விசாரணையும் நடத்தி அனுமதியை இரத்துச் செய்யலாம். நிபந்தனைகள் நிறைவேறியபின் வழங்கப்படும் அளிப்புப் பத்திரம் ஒரு படி மேலானது. எனினும் அதனைக் கொண்டும் பிரதேச செயலாளரின் எழுத்து மூல இணக்கமின்றிக் காணியை விற்க இயலாது. அனுமதிப்பத்திரக் காணியை "வாங்கியதாக" வெறுந்தாளில் எழுதி இலட்சக்கணக்கில் பணம் கொடுத்தவருக்குச் சட்டத்தின் முன் காட்ட எதுவும் இல்லை. தமிழர் முஸ்லிமுக்கு விற்றாலும், முஸ்லிம் தமிழருக்கு விற்றாலும் இதுவே நிலை. அவ்வாறு பணம் கைமாறிய காணி பின்னர் பிணக்காகும்போது அது இனப் பிரச்சினை எனப் பேசப்படுவதையும் நாம் காண்கின்றோம். அடிப்படையில் அது பத்திரப் பிரச்சினை.

மிகுந்த குழப்பத்தை விளைவிக்கும் சொல் ஆட்சி. பத்து வருடம் இருந்தால் காணி சொந்தமாகிவிடும் என்பது ஊர்ப் பேச்சு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை. பத்து ஆண்டுகள் இடையூறின்றியும் இடையறாமலும் இருந்திருத்தல் வேண்டும். அதுவும் உரிமையாளரின் உரிமைக்கு மாறாக, அதனை ஏற்றுக்கொள்ளாத முறையில் இருந்திருத்தல் வேண்டும். உரிமையாளரின் அனுமதியோடு குடியிருந்தவர், குத்தகை செலுத்தியவர், காவலுக்கு விடப்பட்டவர் ஆகியோர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அது ஆட்சியுரிமை ஆகாது. கூட்டு உரிமையாளர்களுள் ஒருவர் தனியே இருந்தமையால் மட்டும் ஏனையோரின் பங்கு அற்றுப்போகாது என்பதை, கொரியா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் 1911ஆம் ஆண்டிலேயே தீர்த்து வைத்தது. அக்கா கொழும்பிலோ கனடாவிலோ இருக்க, ஊரில் தங்கிய தம்பி "இது என்னுடையது" என்று சொல்லும் குடும்பங்கள் இத்தீர்ப்பை நினைவில் வைத்தல் நன்று. அரச காணிக்கு எதிராக இக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்சியுரிமை கோர இயலாது.

போரினால் துரத்தப்பட்டவரின் காணியில் வேறொருவர் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டால் என்ன செய்வது? இந்த நியாயமான வினாவிற்கு விடையாக, ஆட்சியுரிமை தொடர்பான விசேட ஏற்பாடுகளைக் கொண்ட 5ஆம் இலக்கச் சட்டம் 2016ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதமேந்திய பயங்கரவாதக் குழுக்களின் செயற்பாடுகளால் வழக்குத் தொடர இயலாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்பதே அதன் சாரம். ஆயினும் அதன் பயனைப் பெற இரண்டு ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் செல்ல வேண்டியிருந்தது. வெருகலிலும் மூதூரிலும் எத்தனை குடும்பங்களின் காதுக்கு இச்செய்தி உரிய காலத்தில் எட்டியது? மேலும், படை நடவடிக்கையால் வெளியேறியவரின் நிலை அச்சட்டத்தின் சொற்களுக்குள் அடங்குமா என்பதும் இலகுவில் விடை கூறக்கூடிய வினா அன்று. கால் நூற்றாண்டு அவலத்திற்கு இரண்டு ஆண்டுச் சாளரம் போதாது என்பதே எமது நிலைப்பாடு.

காணிச் சண்டை கைகலப்பாகும் நிலைக்கு வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் நீதிமன்றத்திற்கு அறிக்கையிடுவர். அங்கே தீர்மானிக்கப்படுவது யார் உடைமையில் இருந்தார் என்பது மட்டுமே. முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீள அமர்த்தவும் கட்டளையிடலாம். காணி யாருக்குச் சொந்தம் என்பதை முடிவு செய்ய வேண்டியது மாவட்ட நீதிமன்றமாகும். 66இல் வென்றவர் காணியையே வென்றதாக வெடி கொளுத்துவதும், தோற்றவர் மனமுடைந்து காணியைக் கைவிடுவதும் ஒரே அறியாமையின் இரு பக்கங்கள்.

ஒப்பந்தம் பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். எமது நாட்டில் ஒப்பந்தச் சட்டத்தின் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம். நியாயமான நோக்கத்தோடு மனமார்ந்து செய்த வாக்குறுதி, பதிலுக்கு எதுவும் பெறாவிடினும் கட்டுப்படுத்தும். வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், காணி பற்றியதாக இல்லாவிடின். காணிக்கு வாய்ப்பேச்சில் முற்பணம் கொடுத்தவர் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், காணியை எழுதித் தா என்று கட்டாயப்படுத்த இயலாது. எழுத்து மூல ஒப்பந்தத்தில் வழக்கிட ஆறு ஆண்டுகள், வாய்மொழி ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகள். வட்டிக்குப் பணம் தருபவர் ஈட்டு உறுதிக்குப் பதிலாக அறுதி உறுதியே எழுதி வாங்கிக்கொண்டு, "காசைத் தந்தால் திருப்பி எழுதுவேன்" என்று கூறும் வழக்கம் எங்கும் உண்டு. விலை மிகக் குறைவு, காணி தொடர்ந்து விற்றவர் கையிலேயே இருந்தது போன்ற சூழ்நிலைகள் காட்டப்பட்டால், வாங்கியவர் அதனை நம்பிக்கைப் பொறுப்பாகவே வைத்திருக்கிறார் எனக் கொள்ள 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு இடமளிக்கின்றது. ஆனால் அதனை நிரூபிப்பது நீண்ட வழக்கு.

தீங்கியல் என்பது, ஒப்பந்தம் ஏதுமின்றியே ஒருவர் தவறாலோ கவனயீனத்தாலோ மற்றவருக்கு விளைவித்த நட்டத்திற்கு ஈடு கோரும் துறை. வேளாண்மைக்குள் புகுந்த கட்டாக்காலி மாடுகளே எமது கிராமங்களில் இதற்குக் கண்கூடான உதாரணம். மாட்டுக்காரர் ஒரு சமூகம், வயற்காரர் மறு சமூகம் என்றாகிவிட்டால் விடயம் எங்கோ போய்விடுகின்றது. நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும். யானை அழித்த வயலுக்கு மட்டும் வழக்கிட உரிமையாளர் எவரும் இல்லை.

இறுதியாக, மரணத்தின் பின் சொத்து. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமை திருகோணமலைத் தமிழருக்குப் பொருந்தாது. எனவே மரணசாதனம் எழுதாமல் இறக்கும் வெருகல் தமிழரின் சொத்தில், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அரைவாசி எஞ்சிய வாழ்க்கைத் துணைக்கும், மறு அரைவாசி ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் செல்லும். அயலிலுள்ள மூதூர் முஸ்லிமுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி அவரது மத்ஹபின் விதிகள். பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளைப்போல் இரு மடங்கு.

கிழக்கில் இரு சமூகத்தவரும் மகளுக்கு வீட்டைக் கொடுக்கும் வழக்கத்தைப் பொதுவாகக் கொண்டவர்கள். அதனை உயிருடன் இருக்கும்போதே நன்கொடை உறுதியாக எழுதுவர். இங்கு முஸ்லிம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. மேற்படி 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மீளப்பெற முடியாதது என உறுதியிலேயே சொல்லப்படாவிடின் அந்த நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது. நொத்தாரிசு அந்த வரியை எழுதினாரா என்று மகளின் பொருட்டுக் கேட்டறிதல் அவசியம்.

மரணசாதனத்தை நொத்தாரிசு ஒருவர், இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதலாம். நொத்தாரிசு இன்றி எழுதுவதாயின் ஐந்து சாட்சிகள் ஒருங்கே இருத்தல் வேண்டும். பயன்பெறுபவரைச் சாட்சியாக்காதிருப்பது நன்று. ஆனால் அனுமதிப்பத்திரக் காணிக்கு நாட்டின் பொதுவான பின்னுரிமைச் சட்டங்கள் பொருந்தா. அதற்குரிய ஒழுங்கு காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. அங்கு ஆண்மக்களுக்கு அளிக்கப்பட்டு வந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீக்கப்பட்டது. அக்காணி இன்னாருக்குச் செல்ல வேண்டும் என்று விரும்புபவர் பிரதேச செயலகத்திற்குச் சென்று பின்னுரித்தாளரைப் பெயர் குறித்து, தாம் உயிருடன் இருக்கும்போதே அதனைப் பதிவித்துக்கொள்ள வேண்டும்.